அட்டையில் முகம், உள்ளே யார் குரல்?
அமெரிக்க உள்நாட்டுப் போரின் இசைத்தாள்களை முன்வைத்து

1

பாட்டுக்கு ஏதுங்க சாதி, ராகத்துக்கு ஏதுங்க நிறம் என்று கேட்பவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். இசை எல்லோருக்கும் பொது, அதில் போய் அரசியலைக் கலக்காதீங்க என்பது அவர்கள் வாதம். இந்த வாதத்தைச் சோதித்துப் பார்க்க நல்ல இடம் ஒன்று இருக்கிறது. 1861 முதல் 1865 வரை அமெரிக்காவில் வடக்குக்கும் தெற்குக்கும் நடந்த உள்நாட்டுப் போர். அடிமைமுறையை வைத்து மூண்ட போர். 1860இல் அந்த நாட்டில் ஏறக்குறைய 40 லட்சம் கறுப்பர்கள் அடிமைகளாக இருந்தார்கள். போரில் செத்தவர்கள் 6 லட்சத்துக்கு மேல் என்பது நெடுநாள் கணக்கு. 2011இல் வந்த ஆய்வு ஒன்று, அது ஏழரை லட்சம் வரை போகும் என்றது.

இத்தனை சாவுக்கு நடுவே அந்த நாடு பாடிக்கொண்டே இருந்தது. பாடியதை அச்சடித்தது, விற்றது, வாங்கியது. ஒலிப்பதிவு இல்லாத காலம். எடிசனின் ஃபோனோகிராஃப் 1877இல்தான் வருகிறது. எனவே ஒரு பாட்டு விலைக்குப் போக வேண்டுமென்றால் அது காகிதமாக மாற வேண்டும். அப்படி ஆயிரக்கணக்கான பாட்டுகள் நான்கு வருஷத்தில் காகிதமாயின. முன்பக்கத்தில் ஒரு படம், உள்ளே இசைக்குறிப்பும் வரிகளும். இவைதான் இசைத்தாள்கள். வாஷிங்டனில் உள்ள காங்கிரஸ் நூலகத்திலும், ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தின் லெவி தொகுப்பிலும் இவற்றைச் சேர்த்து வைத்திருக்கிறார்கள்.

இவற்றைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் மெட்டைப் பேசுவார்கள், இல்லாவிட்டால் தேசபக்தியைப் பேசுவார்கள். நாம் அட்டையிலிருந்து தொடங்குவோம். அட்டையில் கறுப்பருக்கு ஒரு முகம் கொடுத்தார்கள். உள்ளே குரலைத் தங்கள் கையிலேயே வைத்துக்கொண்டார்கள். போர் கறுப்பரின் விடுதலை பற்றியது; போர்ப்பாட்டோ கறுப்பரை வேடமாகவும் சரக்காகவும் மட்டுமே உள்ளே விட்டது. ஆனாலும் அச்சுக்கு வெளியே அதே பாட்டுகளுக்கு வேறு கதி நேர்ந்தது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் விஷயம் விளங்கும்.

2

முதலில் இந்தச் சரக்கு எப்படி உருவாகிறது என்று பார்த்துவிடலாம். இசைக்குறிப்பை உலோகத் தகட்டில் வெட்டி அச்சடிப்பார்கள். அட்டைப்படம் பெரும்பாலும் கல்லச்சு. ஜெர்மானியரான செனஃபெல்டர் 1790களின் கடைசியில் கண்டுபிடித்த முறை: வழவழப்பான சுண்ணாம்புக் கல்லில் எண்ணெய்ப்பசையுள்ள மையால் வரைய வேண்டும், கல்லை நனைக்க வேண்டும், மையை உருட்ட வேண்டும். ஈரமான இடத்தில் மை ஒட்டாது, வரைந்த இடத்தில் ஒட்டும். மரக்கட்டையில் செதுக்குவதைவிடச் சீக்கிரம் முடியும். சண்டை நடந்த சில வாரங்களிலேயே அந்தச் சண்டையின் பெயரில் பாட்டும் படமும் கடைக்கு வந்துவிடும். பிற்காலத்தில் பெரிய ஓவியராகக் கொண்டாடப்பட்ட வின்ஸ்லோ ஹோமர், போருக்கு முன்பு பாஸ்டனில் பஃபோர்டு என்பவரின் கல்லச்சுக்கூடத்தில் பயிற்சியாளராக இருந்து இசைத்தாள் அட்டைகள் வரைந்தவர்தான்.

விலை என்ன? ஒரு இசைத்தாள் 25 சென்ட், 30 சென்ட், படம் நன்றாக இருந்தால் 50 சென்ட். வடக்கின் சாதாரண வெள்ளைச் சிப்பாய்க்கு மாதச் சம்பளம் 13 டாலர். கறுப்புச் சிப்பாய்க்கு 10 டாலர். அதிலும் துணிக்கு 3 டாலர் பிடித்தம் போக 7 டாலர். மாசாசூசெட்ஸ் 54ஆம் கறுப்பர் படைப்பிரிவு, இந்தச் சம்பளமே வேண்டாம் என்று மாதக்கணக்கில் வாங்க மறுத்தது. சமச் சம்பளம் என்ற சட்டம் 1864 ஜூனில்தான் வந்தது. ஆக, அட்டைப்படம் போட்ட இசைத்தாளை யார் வாங்குவார்? பியானோ இருக்கிற வீட்டார் வாங்குவார்கள். கூடத்தில் பியானோ, அதன்முன் அந்த வீட்டுப் பெண்பிள்ளை, பியானோமேல் இந்தத் தாள். அட்டைப்படம் அந்தக் கூடத்து ரசனைக்காகவே வரையப்பட்டது.

ஏழைகளுக்கென்று வேறொன்று இருந்தது. இசைக்குறிப்பு இல்லாமல் வரிகளை மட்டும் ஒற்றைத்தாளில் அடித்து, ஓரத்தில் ஒரு கோட்டுப்படம் போட்டு, இன்ன மெட்டில் பாடுக என்று மேலே எழுதி மிகக் குறைந்த காசுக்கு விற்றார்கள். நியூயார்க்கில் டி மார்சான், சார்லஸ் மேக்னஸ் போன்றவர்கள் இதற்குப் பேர் போனவர்கள். மேக்னஸின் தாள்களில் கையால் வண்ணம் தீட்டியிருக்கும். மெட்டு தெரிந்தவர் வரியை மாற்றிக்கொள்ளலாம் என்ற சுதந்திரம் இந்தத் தாளில் இருந்தது. பின்னால் இது முக்கியமாகப் போகிறது.

3

அட்டைகளில் என்னென்ன இருக்கும்? கொடி, கழுகு, மீசையும் தாடியுமாக ஜெனரல்கள், முரசு அடிக்கும் சிறுவன், சாகக் கிடக்கும் சிப்பாய், ஜன்னலோரத்தில் தாய். கறுப்பர் எங்கே? இருக்கிறார். மண்டியிட்டுக் கும்பிடுபவராக, பல்லைக் காட்டி ஆடுபவராக, ஓடுபவராக இருக்கிறார்.

போருக்கு 16 வருஷம் முன்பு, 1845இல், பாஸ்டனில் வெளியான ஒரு அட்டையை எடுத்துக்கொள்வோம். 'தப்பி ஓடியவனின் பாட்டு' என்று தலைப்பு. ஃபிரெடரிக் டக்ளஸுக்குச் சமர்ப்பணம். ஹட்சின்சன் குடும்பத்தைச் சேர்ந்த ஜெஸ்ஸி எழுதியது. அடிமை ஒழிப்புக் கூட்டங்களில் ஊர் ஊராகப் பாடிய வெள்ளைக் குடும்பம் அது. நல்லவர்கள், நம் பக்கம் நின்றவர்கள். அட்டையில் டக்ளஸ் வெறுங்காலோடு, கம்பில் கட்டிய மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடுகிறார். ஆற்றுக்கு அந்தப் பக்கம் குதிரைகளோடும் நாய்களோடும் துரத்துகிறவர்கள்.

டக்ளஸ் உண்மையில் எப்படித் தப்பினார்? 1838 செப்டம்பர் 3ஆம் தேதி, மாலுமி உடுப்பு மாட்டிக்கொண்டு, இன்னொருவரிடம் இரவல் வாங்கிய அடையாளத்தாளைக் காட்டி, ரயிலிலும் படகிலும் ஏறித் தப்பினார். இதை அவர் 1845இல் எழுதிய சுயசரிதையில் சொல்லவில்லை. சொன்னால் பின்னால் தப்பிக்கப் போகிறவர்களின் வழி அடைபட்டுவிடும் என்று மறைத்தார். 1881இல்தான் முழுக்கதையையும் எழுதினார். ஆக, படம் வரைந்தவருக்கு உண்மை தெரிய வழியில்லை. சரி, தெரியாத இடத்தை எதை வைத்து நிரப்பினார்? அடிமையைக் காணவில்லை, பிடித்துத் தந்தால் வெகுமதி என்று பத்திரிகையில் எஜமானர்கள் போட்ட விளம்பரங்களில் மூட்டையோடு ஓடும் சின்ன உருவம் ஒன்று வாடிக்கையாக அச்சாகும். அந்த உருவத்தைப் பெரிதாக்கி டக்ளஸின் முகத்தை ஒட்டிவிட்டார். தந்திரமாக, கண்டக்டர் கண்முன்னாலேயே உட்கார்ந்து வந்த ஒரு மனிதனின் மூளை அந்தப் படத்தில் இல்லை. காலும் பயமும் மட்டும் இருக்கின்றன. நம்மீது இரக்கப்படுகிறவர்களின் கற்பனைகூட எஜமானர்களின் படக்கட்டையிலிருந்துதான் அச்சு எடுக்கிறது.

அதே 1845இல், அதே சுயசரிதையில், டக்ளஸ் பாட்டைப் பற்றிச் சொன்னது இன்றுவரை நிற்கிறது. அடிமைகள் பாடுகிறார்கள், ஆகவே சந்தோஷமாக இருக்கிறார்கள் என்று வடக்கில் பலர் நம்புவதைக் கேட்டு அவர் திகைக்கிறார். துக்கம் அதிகமாகும்போதுதான் அதிகம் பாடினோம் என்கிறார். ஒரு அட்டையில் டக்ளஸின் முகம். இன்னொரு புத்தகத்தில் டக்ளஸின் வார்த்தை. இரண்டும் ஒரே வருஷம், ஒரே ஊரில் வெளியானவை. எதை நம்புவது என்பதில் நமக்குக் குழப்பம் வேண்டியதில்லை.

4

இப்போது ஆடுகிறவருக்கு வருவோம். 1830வாக்கில் தாமஸ் ரைஸ் என்ற வெள்ளை நடிகர் முகத்தில் கரி பூசிக்கொண்டு 'ஜிம் க்ரோ' என்று ஒரு ஆட்டம் ஆடினார். எரித்த தக்கையின் கரி. அதற்கு அட்டைப்படம் போட்ட இசைத்தாள்கள் வந்து குவிந்தன. கிழிந்த சட்டை, கோணிய கால். பிற்காலத்தில் கறுப்பரைத் தனி ரயில்பெட்டி, தனிப் பள்ளி, தனித் தண்ணீர்க்குழாய் என்று ஒதுக்கிய சட்டங்களுக்கெல்லாம் இந்தக் கோமாளியின் பெயரே பெயரானது. ஒரு பாட்டின் பெயர் ஒரு ஒதுக்கல்முறைக்குப் பெயராகிற அளவுக்கு அந்தப் பாட்டு வேலை செய்திருக்கிறது. பாட்டுக்கு அரசியல் இல்லை என்பவர்கள் இதற்கு என்ன சொல்வார்கள்? மின்ஸ்ட்ரல் கூத்து என்ற இந்தக் கரிபூசிக் கூத்தாடிகளை டக்ளஸ் 1848இல் தன் பத்திரிகையில் காறித் துப்பாத குறையாகத் திட்டினார். இயற்கை தங்களுக்குத் தராத நிறத்தை எங்களிடமிருந்து திருடிக் காசு பார்க்கிறார்கள் என்பது அவர் குற்றச்சாட்டு.

தெற்கு தன் தேசிய கீதம்போல் பாடிய 'டிக்சி' இந்தக் கூத்திலிருந்துதான் வந்தது. எழுதியவர் டேனியல் எம்மெட், ஒஹாயோக்காரர், வடக்கத்தியர். 1859 ஏப்ரலில் நியூயார்க்கில் பிரையண்ட் கோஷ்டிக்காகப் போட்ட பாட்டு. முகத்தில் கரி பூசிய வெள்ளைக்காரன், தெற்கத்திப் பண்ணையை நினைத்து ஏங்கும் கறுப்பனாக நடித்துப் பாடுவது. 1861 பிப்ரவரியில் அலபாமாவின் மாண்ட்கோமெரியில் ஜெஃபர்சன் டேவிஸ் தெற்கின் ஜனாதிபதியாகப் பதவியேற்றபோது இதை வாசித்தார்கள். யோசித்துப் பாருங்க. அடிமைமுறையைக் காப்பாற்ற ஒரு நாடு அமைக்கிறார்கள். அதற்குக் கொடியேற்றும்போது வாசிப்பது, அடிமை தன் அடிமை வாழ்வை நினைத்து ஏங்குவதாக வெள்ளைக்காரன் எழுதிய கற்பனைப் பாட்டு. அடிமையே சாட்சி சொல்லிவிட்டான் பாருங்கள் என்கிற மாதிரி. சாட்சியோ கரி பூசிய பொய்ச் சாட்சி.

இதிலும் ஒரு கிளைக்கதை உண்டு. எம்மெட் பிறந்த நாக்ஸ் கவுண்டியில் ஸ்னோடன் என்ற கறுப்பு இசைக்குடும்பம் ஒன்று இருந்தது. பாஞ்சோவும் ஃபிடிலும் வாசித்தவர்கள். எம்மெட்டுக்கு இந்தப் பாட்டைச் சொல்லிக்கொடுத்ததே அவர்கள்தான் என்று அந்த ஊர்க் கறுப்பர்கள் சொல்லி வந்தார்கள். ஸ்னோடன் சகோதரர்களின் கல்லறைக்கல்லிலும் அப்படியே பொறித்திருக்கிறார்கள். 1993இல் இதைப்பற்றி ஒரு ஆய்வுநூலே வந்தது. ஆய்வாளர்களுக்குள் இன்னும் சண்டை ஓயவில்லை. எம்மெட்டின் பக்கம் அச்சிட்ட தாளும் பதிப்பகத்துக்கு உரிமையை விற்ற 300 டாலர் கணக்கும் இருக்கின்றன. ஸ்னோடன் பக்கம் ஒரு கல்லறைக்கல் இருக்கிறது. எழுத்து வைத்திருப்பவன் எதையும் நிரூபிக்க வேண்டியதில்லை; எழுத்து இல்லாதவன்தான் ஆயுசு முழுக்க நிரூபித்துக்கொண்டிருக்க வேண்டும்.

வடக்கிலும் இதே கரிதான். ஹென்றி க்ளே ஒர்க் என்பவர் அடிமை ஒழிப்புக் குடும்பத்தில் பிறந்தவர். தப்பி வந்த அடிமைகளுக்கு உதவியதற்காக இவருடைய அப்பா சிறைக்குப் போனவர். 1862இல் சிக்காகோவின் ரூட் அண்ட் கேடி நிறுவனம் வெளியிட்ட இவருடைய 'கிங்டம் கமிங்' பாட்டில், வடக்கின் படை வருவதைப் பார்த்து எஜமான் ஓடிவிடுகிறான். அடிமைகள் கங்காணியைப் பூட்டிவைத்துவிட்டு எஜமான் வீட்டில் குடித்துக் கொண்டாடுகிறார்கள். விஷயம் நமக்கு இனிக்கிறது. ஆனால் மொழி? மின்ஸ்ட்ரல் கூத்துக்காரர்கள் கட்டிவைத்த கொச்சை. முதலில் மேடையேற்றியவர்களும் கரி பூசிய கூத்துக்காரர்கள்தான். எஜமானைப் பார்த்துச் சிரிக்கிறோமா, அடிமையின் பேச்சைப் பார்த்துச் சிரிக்கிறோமா என்பதைக் கேட்பவரின் வசதிக்கு விட்டுவிடுகிற பாட்டு அது. 'கறுப்பனுக்கும் சாக உரிமை உண்டு' என்ற பொருளில் ஹால்பைன் என்ற அதிகாரி எழுதிய இன்னொரு கிண்டல் பாட்டில் இந்த ஒளிவுமறைவுகூட இல்லை. கறுப்பனைப் படையில் சேர்த்துக்கொள்ளுங்கள், நமக்கு வருகிற குண்டை அவன் வாங்கிக்கொள்வான் என்கிறது. கறுப்பர் சேர்ப்புக்கு ஆதரவான பாட்டு இது!

5

போர் நீள நீள, வீராவேசம் குறைந்து அழுகைப் பாட்டுகள் பெருகின. 1863இல் சார்லஸ் சாயரும் ஹென்றி டக்கரும் போட்ட 'இந்தக் கொடிய போர் முடியும்போது' என்ற பாட்டை இரண்டு பக்கத்துச் சிப்பாய்களும் பாடினார்கள். அம்மா, காதலி, வீடு, கூடாரம், காலி நாற்காலி. வடக்கின் பாட்டில் சில சொற்களை மாற்றினால் தெற்கின் பாட்டாகிவிடும். மனிதநேயம் என்று இதைத்தான் பாராட்டுகிறார்கள்.

செத்த பிள்ளைக்காக ஒரு தாய் அழுவதை நாம் கொச்சைப்படுத்தவில்லை. எந்தத் தாய் என்றுதான் கேட்கிறோம். அடிமைச் சந்தையில் பிள்ளையைப் பறிகொடுத்த தாய்க்கு, 1852இல் 'டாம் மாமாவின் குடிசை' நாவல் வந்த சூட்டில் சில பாட்டுகள் எழுதினார்கள். போர்க்கால அட்டையின் ஜன்னலோரத்திலோ பெரும்பாலும் வெள்ளைத்தாய்தான் உட்கார்ந்திருக்கிறாள். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி அழுததாகக் காட்டிவிட்டால், எதற்காகச் சண்டை என்ற கேள்வி கழன்று விழுந்துவிடும். அண்ணன் தம்பி சண்டை, பாவம், சமாதானமாகிவிட்டார்கள் என்று முடித்துவிடலாம். போருக்குப் பிந்திய வருஷங்களில் அப்படித்தான் முடித்தார்கள். வெள்ளையர்கள் சமாதானமானார்கள், அந்தச் சமாதானத்தின் செலவு கறுப்பர் தலையில் விழுந்தது.

எதற்காகச் சண்டை என்று பாடுவதைப் படையே தடுத்ததும் நடந்தது. 1862 தொடக்கத்தில், நாம் முன்பு பார்த்த ஹட்சின்சன் குடும்பத்தார் வடக்கின் சிப்பாய்களுக்குப் பாட வர்ஜீனியாவுக்குப் போனார்கள். அடிமைமுறையைச் சாடி விட்டியர் எழுதிய கவிதையைப் பாடினார்கள். சிப்பாய்களுக்குள் சலசலப்பு. தளபதி மக்கிளெல்லன் அவர்களுக்குக் கொடுத்த அனுமதியை ரத்து செய்துவிட்டார். லிங்கன் தலையிட்ட பிறகே வழி பிறந்தது. எதிரி முகாமில் நடந்திருந்தால் புரிந்துகொள்ளலாம். இது அடிமைமுறையை எதிர்த்து நின்றதாகச் சொல்லப்படும் முகாம்.

பாட்டின் சக்தி ஆள்பவர்களுக்கு நன்றாகவே தெரியும். 1862இல் நியூ ஆர்லியன்ஸைப் பிடித்த வடக்கின் தளபதி பட்லர், தெற்கின் கொடிப்பாட்டான 'பானி ப்ளூ ஃப்ளாக்'கை வெளியிட்ட பிளாக்மாருக்கு 500 டாலர் அபராதம் போட்டார். தகடுகளை உடைத்தார். தெற்கின் இன்னொரு பாட்டான 'மேரிலாண்ட், மை மேரிலாண்ட்' 1939இல் அந்த மாநிலத்தின் அதிகாரபூர்வப் பாட்டாக்கப்பட்டது. அதை நீக்க 2021 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. தோற்றவர்களின் பாட்டு 82 வருஷம் அரசாங்கப் பாட்டாக இருந்தது என்றால், தோற்றது யார் என்று யோசிக்க வேண்டியிருக்கிறது.

6

இப்போது கறுப்பரின் சொந்தப் பாட்டு அச்சுக்குள் வந்த கதை. 1861 மே மாதம், வர்ஜீனியாவில் வடக்கின் வசமிருந்த மன்றோ கோட்டைக்கு மூன்று அடிமைகள் தப்பி வந்தார்கள். ஃபிராங்க் பேக்கர், ஷெப்பர்ட் மேலரி, ஜேம்ஸ் டவுன்சென்ட். எஜமானின் ஆள் வந்து திருப்பிக் கேட்டபோது பட்லர் (அதே பட்லர்தான், அப்போது இந்தக் கோட்டையில் இருந்தார்) தர மறுத்தார். அதற்கு அவர் சொன்ன நியாயம்: இவர்கள் எதிரியின் சொத்து, போரில் பறிமுதல் செய்யத்தக்க சரக்கு. 'கான்ட்ராபேண்ட்' என்றார். தப்பி வந்தவர்களுக்கெல்லாம் இதுவே பெயராகிவிட்டது. விடுதலையின் முதல் படியில்கூட மனிதன் சரக்காகத்தான் கால் வைக்க முடிந்தது.

அங்கே கூடிய மக்கள், மோசே எகிப்திலிருந்து தன் சனத்தை விடுவித்த கதையைப் பாடினார்கள். லாக்வுட் என்ற பாதிரியார் அதைக் கேட்டு எழுதி அனுப்பினார். 1861 டிசம்பரில் நியூயார்க்கில் ஹோரஸ் வாட்டர்ஸ் அதை இசைத்தாளாக வெளியிட்டார். கறுப்பரின் ஸ்பிரிச்சுவல் எனப்படும் பக்திப்பாட்டு இசைத்தாளாக வந்தது இதுதான் முதல் தடவை. தலைப்பிலேயே 'கான்ட்ராபேண்டுகளின் பாட்டு' என்று போட்டார்கள். தாமஸ் பேக்கர் என்பவர் அதைக் கூடத்துப் பியானோவுக்கு ஏற்றபடி தாலாட்டுபோல் ஆடும் தாளத்தில் அமைத்துவிட்டார். மக்களை விடு என்று ஃபாரோவை அதட்டும் குரல், தேநீர் நேரத்துப் பாட்டாகி இறங்கிவிட்டது.

எழுதியவர்களில் சிலருக்கு இந்தச் சிக்கல் தெரிந்தே இருந்தது. பிலடெல்ஃபியாவின் லூசி மெக்கிம் 19 வயதில் தென் கரோலினாவின் கடல்தீவுகளுக்குப் போய்க் கேட்டு, 1862இல் இரண்டு பாட்டுகளை வெளியிட்டார். தொண்டையிலிருந்து வரும் விசித்திரத் திருப்பங்களையும், வெவ்வேறு குரல்கள் வெவ்வேறு இடத்தில் வந்து சேர்வதையும் குறியீடுகளால் பிடிக்க முடியவில்லை என்று எழுதினார். 1867இல் அவரும் ஆலனும் வேரும் சேர்ந்து 136 பாட்டுகளைத் தொகுத்து நூலாக்கினார்கள். இவ்வகையில் முதல் தொகுப்பு அதுதான். பறையடியை நோட்டில் எழுதிச் சபாவுக்கு எடுத்துப் போகலாம் என்று திட்டம் வைத்திருப்பவர்கள் லூசி மெக்கிமின் அந்தத் தயக்கத்தை ஒருமுறை யோசிப்பது நல்லது.

தாளில் ஏறாதது ராகம் மட்டும் இல்லை, அர்த்தமும்தான். முதல் தென் கரோலினாக் கறுப்பர் படைக்குத் தளபதியாக இருந்த ஹிக்கின்சன் ராத்திரிகளில் தணலோரம் நின்று பாட்டுகளைக் குறித்துக்கொண்டவர். போர் தொடங்கிய சமயம் ஜார்ஜ்டவுனில், சீக்கிரம் விடுதலையாவோம் என்று பாடியதற்காகக் கறுப்பர்களைச் சிறையில் போட்டதாக எழுதுகிறார். பாட்டில் இருப்பது ஆண்டவர் அழைக்கும் நாள்தானே, இதற்கு ஏன் சிறை? ஒரு முரசடிக்கும் பையன் அவரிடம் விளக்குகிறான்: ஆண்டவர் என்று நாங்கள் பாடினால் அது வடக்கின் படையைச் சொல்வதாக அவர்கள் நினைத்துக்கொண்டார்கள். இந்தப் பையனின் சிரிப்பை எந்த அட்டையிலும் வரைய முடியாது. எஜமானின் காதுக்கு ஒன்று, தன் சனத்தின் காதுக்கு ஒன்று என்று இரட்டைப் பொருள் வைக்கும் வித்தை ஒடுக்கப்பட்டவர்களின் இலக்கணம். அணியிலக்கண நூல்களில் இதைத் தேட வேண்டாம்.

7

தாளின் தலைப்பில் யார் பெயர் போடுவது என்பது அடுத்த கேள்வி. 1860இல் நியூ ஆர்லியன்ஸில் பேசில் பாரெஸ் என்ற இளைஞரின் பியானோ இசை ஒன்று அச்சானது. அவர் அப்போது ஒரு இசைக்கடைக்காரரின் அடிமை. சட்டப்படி அடிமைக்கு எந்தச் சொத்தும் கிடையாது, அவனே சொத்து. இருந்தும் பதிப்புரிமை அவர் பெயரிலேயே பதிவாகியிருக்கிறது. எப்படியோ சட்டத்தில் விழுந்த ஓட்டை. போருக்குப் பிறகு பாரெஸ் பாரிஸ் வரை போனார், நிறைய இசையமைத்தார்.

மறுபக்கம் டாம் விக்கின்ஸ். 'குருட்டு டாம்' என்ற பெயரில் விற்கப்பட்டவர். 1849இல் ஜார்ஜியாவில் பார்வையில்லாமல் பிறந்தார். ஒருமுறை கேட்டதைத் திரும்ப வாசிக்கும் மேதை. பெத்யூன் என்ற எஜமானர் பிள்ளையை ஊர் ஊராக மேடையேற்றிக் காசு பார்த்தார். போர்க்காலத்தில் அந்தப் பிள்ளையின் கச்சேரி வசூல் தெற்கின் படைக்கும் போனது. 1861இல் தெற்கு ஜெயித்த மனாஸஸ் சண்டையைப் பியானோவில் கொண்டுவந்தார் டாம். இரண்டு பக்கத்துப் பாட்டுகளும் வரும், பீரங்கி வரும், ரயில் வரும். 1866இல் அது இசைத்தாளானது. தன்னை அடிமையாக வைத்திருக்கும் தரப்பின் வெற்றியை ஒரு அடிமைப் பிள்ளை வாசிக்க, கூடம் கைதட்டியது. 1865இல் அடிமைமுறை ஒழிந்த பிறகும் டாம் விடுதலையாகவில்லை. பெற்றோரோடு ஒப்பந்தம், நீதிமன்றத்தில் காப்பாளர் உரிமை என்று பெத்யூன் குடும்பம் அவரைக் கையிலேயே வைத்திருந்தது. அவர் 1908இல் இறந்தார். பெயர் தாளில் இருந்தது. வருமானம் வேறு வீட்டில் இருந்தது. பெயர் போட்டுவிட்டோமே, இன்னும் என்ன வேண்டும் என்று கேட்பவர்களுக்கு டாமின் வாழ்க்கைதான் பதில்.

8

இதோடு முடித்தால் வெறும் புலம்பலாகிவிடும். அச்சுக்கு வெளியே நடந்ததையும் சொல்ல வேண்டும்.

அடிமைமுறையை ஆயுதத்தால் ஒழிக்கக் கிளம்பி 1859 டிசம்பர் 2ஆம் தேதி தூக்கிலிடப்பட்டவர் ஜான் பிரவுன். மெதடிஸ்ட் முகாம் கூட்டத்துப் பாட்டின் மெட்டில், 1861இல் பாஸ்டனுக்கு அருகே வாரன் கோட்டையில் சிப்பாய்கள் அவர் பெயரைச் சேர்த்துக் கட்டிய பாட்டு காட்டுத்தீயாகப் பரவியது. வரி முரட்டு வரி. ஜூலியா வார்ட் ஹோ என்ற கவிஞர் அதே மெட்டுக்கு நாகரிகமான வரிகள் எழுதி, 1862 பிப்ரவரியில் அட்லாண்டிக் மாத இதழில் வெளியிட்டார். அதுதான் இன்று உலகம் அறிந்த 'போர்க்கீதம்'. அதில் கடவுள் வந்தார். ஜான் பிரவுனின் பெயர் போய்விட்டது. கூடத்துக்குள் நுழைய வேண்டுமானால் கலகக்காரன் தன் பெயரை வாசலில் கழற்றி வைக்க வேண்டும்.

கறுப்புச் சிப்பாய்கள் அந்தப் பெயரைக் கழற்றவில்லை. அவர்கள் சுமார் 1,80,000 பேர் படையில் சேர்ந்தார்கள். முதல் ஆர்கன்சா கறுப்பர் படைக்காக அதே மெட்டில், இனி மண் கொத்த மாட்டோம், சம்பளம் இல்லாமல் உழைக்க மாட்டோம் என்ற பொருளில் ஒரு பாட்டு உருவானது. அதிகாரி லிண்ட்லி மில்லர் பெயரில் அது அச்சானது. பிலடெல்ஃபியாவின் கறுப்பர் படைச்சேர்ப்புக் குழு அதை ஒற்றைத்தாளாக அடித்துப் பரப்பியது. இசைக்குறிப்பு இல்லாத மலிவுத்தாள் என்று முன்னால் சொன்னோமே, அதுதான். பியானோ தேவையில்லை, மெட்டு எல்லோருக்கும் தெரியும், வரி மட்டும் கையில் இருந்தால் போதும்.

1863 ஜனவரி 1, விடுதலைப் பிரகடனம் நடைமுறைக்கு வந்த நாள். தென் கரோலினாவில் ஹிக்கின்சனின் முகாமில் விழா. அவர் கொடியை வாங்கி அசைத்த நொடியில், நிகழ்ச்சிநிரலில் இல்லாதபடி, ஒரு வயதான கறுப்பரின் கரகரத்த குரல் தேசப்பாட்டை எடுக்கிறது. இரண்டு பெண்குரல்கள் சேர்கின்றன. என் நாடு என்று தொடங்கும் பாட்டு. மேடையிலிருந்த வெள்ளையர்களும் சேர்ந்து பாட ஆரம்பித்ததும் ஹிக்கின்சன் சைகை காட்டி அவர்களை நிறுத்துகிறார். நம்மோடு நிற்க விரும்பும் நண்பர்களுக்கு இந்தக் காட்சியைவிட நல்ல பாடம் இல்லை. கூடப் பாடுவது சுலபம். வாயை மூடி இடம் விடுவதுதான் கஷ்டம். அந்த மூன்று பேரின் பெயரை ஹிக்கின்சனும் எழுதி வைக்கவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

1865 பிப்ரவரி 21ஆம் தேதி, போர் வெடித்த சார்ல்ஸ்டன் நகரத்துக்குள் மாசாசூசெட்ஸ் 55ஆம் கறுப்பர் படை ஜான் பிரவுன் பாட்டைப் பாடிக்கொண்டே நுழைந்தது. மே 1ஆம் தேதி அதே ஊரில், சிறைமுகாமாக இருந்த குதிரைப்பந்தய மைதானத்தில் செத்த 257 வடக்குச் சிப்பாய்களுக்கு, விடுதலையான கறுப்பர்கள் ஒழுங்காகக் கல்லறை அமைத்து அஞ்சலி செலுத்தினார்கள். ஏறக்குறைய 10,000 பேர் கூடினார்கள். முன்னால் 3,000 பள்ளிப்பிள்ளைகள், கையில் ரோஜா, வாயில் அதே பாட்டு. பின்னால் தேசம் கொண்டாடிய நினைவுநாளுக்கு இதுவே முன்னோடி என்று வரலாற்றாளர் டேவிட் பிளைட் கண்டெடுத்துச் சொல்லும்வரை இந்த நாளை நாடு மறந்தே போயிருந்தது.

இதற்கு ஏப்ரல் 10ஆம் தேதியை எதிரில் வையுங்கள். தெற்கின் தளபதி லீ சரணடைந்த மறுநாள். வெள்ளை மாளிகை முன் கூடிய கூட்டத்திடம் லிங்கன் 'டிக்சி'யை வாசிக்கச் சொல்கிறார். அது நாம் சட்டப்படி கைப்பற்றிய பொருள் என்று வேடிக்கையாகச் சொல்கிறார். நல்லெண்ணம்தான். ஆனால் பாட்டும் பறிமுதல் சரக்கு, மனிதரும் பறிமுதல் சரக்கு என்று பேசும் மொழியிலேயே அவரும் நிற்கிறார். சார்ல்ஸ்டன் பிள்ளைகள் யாரிடமிருந்தும் எதையும் பறிமுதல் செய்யவில்லை. தங்களுக்காகச் செத்தவனின் பெயரைச் சொல்லிப் பாடினார்கள், அவ்வளவுதான்.

9

இந்தப் போர் நமக்கு அந்நியமானதும் இல்லை. போர் முடிந்த எட்டாம் வருஷம், 1873இல், மகாத்மா ஜோதிராவ் புலே தன் 'குலாம்கிரி' நூலை அமெரிக்காவில் அடிமைமுறையை ஒழிக்கப் பாடுபட்ட மக்களுக்குச் சமர்ப்பணம் செய்தார். நூலின் தலைப்பே அடிமைத்தனம். 1972இல் பம்பாயில் தலித் பேந்தர்கள் தங்கள் பெயரைக் கறுப்புச் சிறுத்தைகளிடமிருந்து எடுத்துக்கொண்டார்கள். எனவே அந்தத் தாள்களைப் புரட்டுகிற உரிமையும் கடமையும் நமக்கு உண்டு.

புரட்டும்போது எதைக் கேட்பது? நூலகப் பட்டியலில் பாட்டாசிரியர் பெயர் இருக்கும், இசையமைத்தவர், பதிப்பாளர், ஊர், அட்டைப்படம் போட்ட அச்சகம்கூட இருக்கும். மன்றோ கோட்டையில் முதலில் பாடியவரின் பெயருக்குப் பட்டியலில் இடம் இல்லை. ஃபிராங்க் பேக்கர், ஷெப்பர்ட் மேலரி, ஜேம்ஸ் டவுன்சென்ட் பெயர்கள்கூட ராணுவக் காகிதம் வழியாகத்தான் நமக்கு வந்தன. நம்முடைய பாட்டுகளை இன்று ஒலிநாடாவிலும் எழுத்திலும் தொகுத்துக்கொண்டிருக்கும் தோழர்கள் பலர். பாட்டைப் பதியுங்கள், படத்தையும் எடுங்கள். அதற்கு முன்னால், பாடியவரின் பெயரையும் ஊரையும், அவர் சம்மதித்தால் தெருவையும் முதல் வரியில் எழுதுங்கள். தொகுத்தவர் பெயர் கீழே, சின்ன எழுத்தில் இருக்கட்டும்.